கொடியில் மாட்டிய கைப்பிடி

வார் வைத்த இரண்டு கைப்பிடிகள், நடுவே ஓசையில்லாமல் சுழலும் ஒரு பேரிங். ஆளுக்கொரு முனையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டால் கை முறுக்கிக்கொள்ளாமல், பிடியும் விடாமல் சுற்றலாம். மகளின் ரிசப்ஷனில் அப்பாவும் அம்மாவும் ஜோடியாக ஆட வேண்டுமாம். மகள்தான் இதை வாங்கிக் கொடுத்தாள். "இழுக்காதீங்க, அழுத்தாதீங்க. ஒருத்தர் சுத்தும்போது, மறுமுனையில நீங்க இருக்கிறதே அவங்களுக்குத் தெரியக் கூடாது" என்றார் நடன மாஸ்டர். அது மட்டும் சேதுராமுக்கும் வினோதினிக்கும் முதல் நாளே வந்துவிட்டது.

ஒரு நாள் மொட்டை மாடியில் ஆடிப் பழகினார்கள். கண்ணை மூடிக்கொண்டு சுற்றிய வினோதினி, பாட்டு முடிந்து திறந்தபோது, சேதுராமின் முனை துணிக்கொடியில் மாட்டியிருந்தது. அவன் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தான். எப்போது கையை விட்டான் என்று யோசித்தாள். தெரியவில்லை. கோபம் வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அதுவும் வரவில்லை.

"ஆபீஸ் கால். நீ நல்லா சுத்திக்கிட்டிருந்தே, எதுக்கு நிறுத்தணும்னு..." என்றபடி வந்தான்.

"பரவால்ல. இப்ப நீங்க சுத்துங்க. கண்ணை மூடிக்குங்க."

பாட்டு மறுபடி ஆரம்பித்தது. அவன் சுற்றத் தொடங்கியதும் தன் முனையைக் கொடியில் மாட்டிவிட்டு, மறுகோடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள். ஒவ்வொரு துணியாக உருவும்போதும் கொடி மெல்லத் துள்ளி அடங்கியது.

"இப்பதான் நீ என்கூட ஆடுற மாதிரி இருக்கு" என்றான் சேதுராம், கண்ணைத் திறக்காமல்.