வில்லனுக்குப் பெண்

“இந்தக் கைதான் மதினி, போன படத்துல அண்ணன் பொண்டாட்டி கழுத்தை நெரிச்சுது,” என்று கிசுகிசுத்தாள் பக்கத்து வீட்டு மாரித்தாய்.

தங்கத்தாய் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். ஜன்னலோர பெஞ்சில் நாறும்பூநாதனும் அவர் தாய்மாமா சங்கரநாராயணனும். எதிரே மர நாற்காலியில் அவள் கணவர் ஆவுடைநாயகம். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அவள், அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு மகள் குழல்வாய்மொழி, தரையில் மாரித்தாய். வெளியே ஆனி மாதச் சாரல். நனைந்தபடியே பாதித் தெரு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நாறும்பூநாதன் என்ற பெயர் தென்காசியில் யாருக்கும் தெரியாது. முகம் எல்லோருக்கும் தெரியும். சிறு வயதிலேயே நாடகக் கம்பெனிக்கு ஓடி, பிறகு பட்டணம் போய், அறுபது படங்களில் பாலில் விஷம் வைத்து, குடிசையைக் கொளுத்தி, கடைசி ரீலில் செத்துப்போன முகம். குற்றாலத்தில் படப்பிடிப்புக்கு வந்தவரை, சொந்தத்திலேயே பெண் முடிக்க வேண்டும் என்று மாமா இங்கே கூட்டி வந்துவிட்டார்.

ஆவுடைநாயகம் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, வெற்றிலைத் தட்டை நீட்டினார். கதவுக்குப் பின்னால் தங்கத்தாயின் கையில் காப்பி தளும்பியது.

“பட்டப்பகல்ல ஒண்ணும் செஞ்சிர மாட்டாரு, மதினி,” என்றாள் மாரித்தாய்.

கூடத்தில் நாறும்பூநாதன் சிரித்தார். “பயப்படாதீங்க மாமா. இத்தனை படத்துல ஒண்ணுலகூட எனக்குக் கல்யாணம் முடிஞ்சதில்ல. தாலியைக் கையில எடுத்தாலே கதாநாயகன் வந்திருதான்.”

ஆவுடைநாயகம் மட்டும் புன்னகைத்தார். கடைவீதியில் அவர் குரல் உயர்ந்து கேட்டவர்கள் இல்லை. சொன்ன சொல் மாறாதவர், தங்கமான மனுஷர் என்று ஊரே அவரைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடும்.

“இருந்தாலும் தம்பி, நீங்க அடிக்கிற அடியைப் பார்த்தா நெஞ்சு பதறுது.”

“அடிக்கிறவன் கையில ஒண்ணுமில்ல மாமா. கன்னத்துக்கு நாலு விரக்கடை தள்ளித்தான் வீசுவோம். அடி வாங்குதவங்கதான் நடிக்கணும். புதுசா வந்த பிள்ளைங்க கை ஓங்கின பொறவுதான் பயப்படும். பார்த்தாலே பொய்னு தெரிஞ்சிரும்.” அவர் பார்வை ஒரு கணம் அடுக்களைக் கதவில் நின்றது. “நெசமா அடி வாங்கிப் பழகினவங்க கைக்குக் காத்திருக்க மாட்டாங்க. ஒரு சின்னச் சத்தம் போதும், கண்ணு தானா மூடிக்கிடும்.”

“நல்ல தொழில்தான்,” என்றார் ஆவுடைநாயகம் மெதுவாக.

“சம்மதம்னா ஆலங்குளத்துல என் வீட்டுக்கு ஒரு கடுதாசி போடுங்க அண்ணாச்சி. ஊரைக் கூட்டிக்கிட்டு வந்து உறுதி பண்ணிருதோம்,” என்று சங்கரநாராயணன் எழுந்தார்.

அவர்கள் போனதும் ஆவுடைநாயகம் அடுக்களைப் பக்கம் திரும்பினார். “முடியாதுன்னு எழுதிப் போடு, தங்கம். மரியாதையா எழுது.” பிறகு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எட்டாம் வகுப்பு படித்த தங்கத்தாய்தான் அவர் பெயரில் எல்லாக் கடிதமும் எழுதுவாள்.

அவள் பேனாவை எடுத்தாள்.

“நல்லா அழுத்தி எழுதுங்க மதினி,” என்றாள் மாரித்தாய். “அண்ணாச்சி மாதிரி மனுஷன் வளர்த்த பொண்ணு. அந்தக் கொலைகாரன் வீட்டுல போயா வாழும்?”

குழல்வாய்மொழி தாயின் தோளுக்கு மேலாக வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பட்டணம் ரொம்பத் தூரமாம்மா?”

“ரொம்பத் தூரம்.”

“எழுதும்மா,” என்றாள் மகள்.

தங்கத்தாய் எழுதி முடித்து, தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். ஒட்டுவதற்குச் சோற்றுப் பானையிலிருந்து இரண்டு பருக்கை எடுத்தாள்.

அப்போது உள்ளறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

தாயும் மகளும் ஒரே நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள்.

கண்ணைத் திறந்ததும் தங்கத்தாய், ‘எங்களுக்குப் பூரண சம்மதம்’ என்று கணவர் பெயரில் எழுதிய கடிதத்தைப் பருக்கையால் அழுத்தி ஒட்டி, “தபால் எடுக்கதுக்குள்ள பெட்டியில போட்டுரு, மாரித்தாய்,” என்று அவள் கையில் கொடுத்தாள்.