முந்திப் போனவர்

முஹம்மட் காக்கா விடிந்ததும் விடியாததுமாகக் கச்சேரிப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டதும் ஜோசப்பினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேசாம இரிங்க தங்கச்சி, நான் பாத்துக்கொள்றன்" என்று நேற்றுப் பின்னேரம்தான் போனில் சொன்னார். பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதானா?

விஷயம் வேறொன்றுமில்லை, வலைதான். சுனாமி அடித்த அடுத்த வருஷம் அது. வள்ளமும் வலையும் கடலோடு போன சனம் புது வலைக்கு நாயாய் அலைந்த நேரம். மட்டக்களப்பு டவுனில் ஜோசப்பினுக்கு ஒரு வலைக்கடை, காத்தான்குடியில், அவள் காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் முஹம்மட்டுக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே கொரியாக் கம்பனியின் சரக்கு.

அந்தக் கம்பனியின் கொழும்பு ஏஜென்ட் ஒருநாள் முஹம்மட்டின் கடையில் வைத்து இரண்டு பேரோடும் பேசினான். இனி இரண்டு கடையிலும் ஒரே விலைதான், ஒரு சதம் குறைத்தாலும் சரக்கு வராது என்றான். அவன் சொன்ன விலை அநியாய விலை. என்ன செய்வது, இரண்டு பேரும் தலையாட்டினார்கள். சனமும் வயிறெரிந்துகொண்டே வாங்கியது.

இப்போது மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கம்பனி இன்னும் சில நாடுகளிலும் இதே கைவரிசையைக் காட்டியிருக்கிறது. அதனால் இப்படிப் பேசிவைத்து விலை ஏற்றுபவர்களைப் பிடிக்கும் கொரியா ஆபீசும், கொழும்பில் அதே வேலை பார்க்கும் ஆபீசும் சேர்ந்து விசாரணைக்கு வந்துவிட்டன.

வந்தவர்கள் நேற்று இரண்டு பேரையும் அரசாங்கக் கச்சேரிக்குக் கூப்பிட்டுச் சட்டத்தைச் சொன்னார்கள். யார் முதலில் வந்து உள்ளதைச் சொல்கிறாரோ, அவருக்குப் பூரண மன்னிப்பு. இங்கே முதல் ஆள் என்றால் கொரியாவிலும் அவர்தான் முதல் ஆள், இரண்டு ஆபீசும் அப்படித்தான் பேசி வைத்திருக்கின்றன. அடுத்தவருக்குத் தண்டம். அதற்கும் பிந்தினால் கடைக்குச் சீல்.

தண்டம் என்று வந்தாலே ஜோசப்பின் கடையைப் பூட்ட வேண்டியதுதான். புருஷன் பிலிப்பைக் கடல் கொண்டுபோனபிறகு அவளுக்கு மிஞ்சியது அந்தக் கடை மட்டும்தான்.

அது தெரிந்தும் மனுஷன் முந்திக்கொண்டாரே. கூடவே இருந்து குழி பறிப்பது என்றால் இதுதான் என்று பொருமிக்கொண்டே ஓட்டோ பிடித்தாள்.

கச்சேரி வாசலில் முஹம்மட் எதிரே வந்தார்.

"வந்திட்டீங்களா தங்கச்சி? நல்லம். பயப்படாம உள்ளதச் சொல்லுங்க."

ஜோசப்பின் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே கொரியாக்கார அதிகாரி ஒருத்தியும், கொழும்பு ஆபீசிலிருந்து வந்த உதயரூபனும் இருந்தார்கள். உதயரூபன் களுவாஞ்சிக்குடிப் பொடியன். அவன்தான் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னான்.

கதிரையைக் காட்டியும் ஜோசப்பின் இருக்கவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தாள். ஏஜென்டைக் கூட்டிக்கொண்டு வந்ததே முஹம்மட்தான் என்றாள். விலைக்கு வழி காட்டியதும் அவர்தான் என்றாள். தான் ஒரு தனிப் பொம்பிளை, அவரை எதிர்த்து என்ன செய்ய முடியும் என்று அழவும் செய்தாள்.

உதயரூபன் எல்லாவற்றையும் எழுதி, கொரியாக்காரிக்கும் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

"சரி அக்கா. நீங்கதான் முதல் ஆள். உங்களுக்கு ஒரு தண்டமும் இல்ல."

ஜோசப்பினுக்கு விளங்கவில்லை. "அப்ப காக்கா எனக்கு முந்தி வந்திட்டுப் போறார்?"

"அவர் தன்ட கதை ஒண்டும் சொல்லல்ல. ஒரு கேள்விதான் கேட்டார். சண்டைக்காலத்தில மண்ணெண்ணெய்க் கியூவில, வராத ஆளுக்கும் ஒரு கல்ல வச்சு இடம் பிடிப்பமே, அப்பிடி இங்கயும் ஏலுமா எண்டு. நான் மெடத்திட்டக் கேட்டன். அவங்கட நாட்டிலயும் அப்பிடி ஒரு ஒழுங்கு இருக்காம். ஆள் வந்து சொல்லும்வரைக்கும் இடத்தப் பிடிச்சு வைக்கலாமாம். உங்கட பேரில இடத்தப் பிடிச்சிட்டுத்தான் போறார்."

"ஏனாம்?"

"நீங்க பயந்து யோசிச்சிக்கொண்டு இருப்பீங்களாம், அதுக்குள்ள கொழும்பு ஏஜென்ட் முந்திருவானாம். தனக்கெண்டா ரெண்டு மகன்மார் கட்டார்ல உழைக்கிறாங்க, உங்களுக்கு இந்தக் கடை மட்டும்தானே எண்டார்."

ஜோசப்பின் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அவருக்கு?"

"ரெண்டாவது இடத்தத் தனக்குப் பிடிச்சு வச்சிருக்கார், பின்னேரம் வந்து சொல்லுவார். ரெண்டாவது ஆள்தானே, தண்டம் வரும். கடைக்கு ஒண்டும் வராது."

ஜோசப்பினுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தன் கடையும் தப்பியது, அவர் கடையும் தப்பியது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உதயரூபன் எழுதியதை அவள் பக்கம் தள்ளினான். ஒப்பம் வைத்தால் ஒன்று கொழும்புக்கும் இன்னொன்று கொரியாவுக்கும் போகும் என்றான். அவள் பேனையை எடுத்தாள், திரும்பக் கீழே வைத்தாள்.

"தம்பி, ஒரு இடத்த வெட்டிப்போட்டு எழுதோணும்."

"எந்த இடம் அக்கா?"

"காக்காதான் ஏஜென்டைக் கூட்டிக்கொண்டு வந்தவர் எண்டு சொன்னனே, அது. அவர் முதல்ல மாட்டன் எண்டுதான் நிண்டவர். ஏஜென்டைக் கூட்டிக்கொண்டு அவர்ட கடைவாசலுக்குப் போனது நான்தான். அது அவருக்கும் தெரியும்."