சூடு தாங்கும் கை

கத்தவில்லை.

முழங்கைக்குக் கீழே முடி நீக்கத் தடவிய மெழுகைச் சுற்றித் தோல் சிவந்துகொண்டிருந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த மணப்பெண், இன்னொரு கையால் கைப்பேசியில் ஜடை அலங்காரப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பார்லர்காரி ரெஜினாவுக்குத்தான் உயிர் போய் வந்தது.

தப்பு அவளுடையது. மெழுகை முதலில் தன் மணிக்கட்டில் தொட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். வைகாசி முகூர்த்தம், மூச்சுவிட நேரமில்லை. தொட்டுப் பார்க்காமலே எடுத்துவிட்டாள். குச்சியிலிருந்து வழிந்த சொட்டு தன் விரலில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. நெருப்பு.

"சுடுதா மோனிஷா?"

"இல்லீங்களே அக்கா."

பொறுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தாள். கல்யாணப் பெண்கள் எதையும் பொறுத்துக்கொள்வார்கள். புருவம் திருத்தும்போது கண்ணீர் வழிய வழியச் சிரிப்பார்கள்.

துணிப்பட்டையை ஒட்டி, வெடுக்கென்று இழுத்தாள். பழக்கதோஷத்தில் திருப்பிப் பார்த்தாள்.

ஓரமெல்லாம் முடி.

நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு ஒன்றுமே இல்லை.

கையைப் பார்த்தாள். அதே வட்டம் அங்கே இருந்தது. சுற்றியிருந்த நிறத்தைவிட ஒரு மாற்றுக் குறைவு. மெழுகு போடாமல் இருந்தால் கண்ணில் பட்டிருக்காது.

தேமலாக இருக்கும். நகத்தால் லேசாகச் சுரண்டினாள். செதில் உதிரவில்லை.

வெண்புள்ளி என்றால் பால்போல வெளுத்திருக்கும். இது வெளிறியிருக்கிறது, அவ்வளவுதான்.

படர்தாமரை என்றால் அரித்துப் பிடுங்கும்.

"இது அரிக்குமா?"

"ஒண்ணும் பண்ணாதுங்க்கா. ரொம்ப நாளா இருக்குது."

கண்ணை மூடிக்கொண்டு, தொட்டால் சொல்லச் சொன்னாள். பஞ்சைத் திரித்து, நுனியால் வட்டத்துக்கு வெளியே தொட்டாள். மோனிஷா கூச்சத்தில் நெளிந்தாள்.

வட்டத்துக்கு உள்ளே தொட்டாள்.

மோனிஷா காத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் தொட்டாள். அழுத்தினாள்.

"எப்பங்க்கா தொடுவீங்க?"

ரெஜினா பஞ்சைக் கீழே வைத்தாள்.

பயிற்சி வகுப்பில் ஒருநாள் தோல் மருத்துவர் ஒருவர் வந்து பேசினார். வெளிறிய படை, அங்கே உணர்ச்சி இல்லை என்றால் கிரீம் தடவி மறைக்காதீர்கள், தொழுநோயாக இருக்கலாம், அனுப்பிவையுங்கள் என்றார். மாத்திரையில் முழுசாகக் குணமாகும், அசட்டையாக விட்டால் விரல் முடங்கிவிடும் என்றார். இந்தக் காலத்தில் அதெல்லாம் எங்கே இருக்கிறது என்று டீ குடிக்கும்போது எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

இங்கே இருக்கிறது. மடியில் துண்டு விரித்து, அதன்மேல் கிடக்கிறது. விரலில் நிச்சயதார்த்த மோதிரம்.

நாளை மறுநாள் கல்யாணம். அந்தச் சொல்லைச் சொன்னால் பந்தல் நிற்குமா? வாயை மூடிக்கொண்டால் இந்த விரல்கள் என்ன ஆகும்?

பின்னால் சோபாவில் மோனிஷாவின் அம்மா உட்கார்ந்திருந்தார். விசேஷ வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர். சொல்வதானால் இவரிடம்தான் சொல்ல வேண்டும். உள்ளே கூப்பிட்டு, பதமாக.

அதற்குள் அவரே எழுந்து வந்துவிட்டார்.

"ஏனுங்க, அதையே பாத்துட்டு இருக்கறீங்க? சின்னத் தேமலுங்க. நாளைக்கு மருதாணி வெச்சா மறைஞ்சிரும்."

ரெஜினா பதமாக ஆரம்பித்தாள்.

"மெழுகு ரொம்பச் சூடுங்க்கா. இவளுக்குத் தெரியவே இல்ல."

அம்மாவின் முகம் மலர்ந்தது.

"எம்பட பொண்ணுங்க, வேற எப்படி இருப்பா? கொதிக்கிற குண்டாவ நான் துணியில்லாமத்தான் எறக்குவேன். கூட இருக்கறவங்கெல்லாம் வாயப் பொளப்பாங்க. இதெல்லாம் எம்மாத்திரம்?"

சொல்லிக்கொண்டே, ஹீட்டரிலிருந்த மெழுகு டப்பாவை வெறுங்கையால் தூக்கினார்.

தூக்கியபடியே சிரித்தார்.

மோனிஷாவும் பெருமையாகச் சிரித்தாள்.

துண்டோடு பாய்ந்து டப்பாவைப் பிடுங்கினாள் ரெஜினா. அந்தக் கையைக் குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

விரல் நுனிகளில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பழைய வடு. அதற்கும் கீழே இன்னும் பழையது. சுண்டுவிரல் மட்டும் உள்ளங்கையை நோக்கி வளைந்திருந்தது. ரெஜினா அதை நீட்டிவிட்டாள். விட்டதும் அது பழையபடி மடங்கிக்கொண்டது.

எத்தனை பந்தியின் சோறு இந்தக் கையால் இறங்கியிருக்கும். பக்கத்தில் நின்றவர்களில் ஒருவருக்குக்கூடவா சந்தேகம் வரவில்லை? நினைக்க நினைக்க அவளுக்குக் கண்ணீர் வழிந்தது.

"அக்கா, நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போகணும். நானும் வர்றேன். ரெண்டு பேரையும் காட்டணும்."

அம்மா ரெஜினாவின் முகத்தைப் பார்த்தார். அவள் எதற்கு அழுகிறாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. தண்ணீருக்கு அடியில் இருந்த தன் கையைப் பார்த்தார், யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

"என்னையுமா? எனக்கென்னத்துக்குச் சாமி ஆஸ்பத்திரி? நான் என்ன கத்துனனா?"