கிளம்பாத லாரி

கும்மிடிப்பூண்டி சோதனைச் சாவடியில் மதுவிலக்குப் போலீசார் லாரியிலிருந்து உப்பு மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அசன் முகைதீன் பக்கக் கண்ணாடியில் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாத்துக்கு அங்கயே பாக்குற? சரக்கை எங்க வெச்சேன்னு உனக்கே தெரியாது, அவனுங்களுக்கா தெரியப்போவுது?" என்று கிசுகிசுத்தான் பக்கத்தில் இருந்த வரதராஜுலு. அவன் முதலாளியின் மச்சான்.

சாராயம் பிடிபட்டால் டிரைவர்தான் உள்ளே போவான். அந்த லாரியை முன்பு ஓட்டிய யேசுதாஸ் அப்படித்தான் ஜெயிலுக்குப் போனான்.

"ஒண்ணுமில்ல. மூட்டையை ஏத்திக்கினு போ" என்றார் இன்ஸ்பெக்டர் கடைசியில்.

மூட்டைகளை ஏற்றியதும் அசன் ஸ்டார்ட்டரை அழுத்தினான். லாரி முனகியதே தவிர கிளம்பவில்லை. மறுபடியும் அழுத்தினான். வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது.

"கொஞ்சம் தள்ளி வுடுங்க சார்" என்று வரதராஜுலு கெஞ்ச, இரண்டு போலீஸ்காரர்கள் பின்பக்கம் போய்க் கை வைத்தார்கள்.

"ஐயா, ஸ்டெப்னி டயர்ல சாராய வாடை வருது!"

வரதராஜுலுவுக்கு விலங்கு மாட்டிய பிறகு, இன்ஸ்பெக்டர் அசனைத் தனியே அழைத்தார்.

"காலையில நீ வந்து துப்பு சொல்லியும் கோட்டை வுட இருந்தோம்யா. நல்லவேளை, வண்டி மக்கர் பண்ணிச்சு."

"மக்கர் பண்ணல சார். நான் ஸ்டார்ட்டரை மட்டுந்தான் அமுக்கினேன், சுவிட்சே போடல."