ஒண்ணாம் நம்பர் கை

விரல் இடுக்குகளில் வெடிப்பு எரிந்தது. ஒன்பது வருஷம் பிளீச்சிங் தண்ணீரில் ஊறிய கை. மடக்கினால் ரத்தம் கசியும். மேல்சட்டைப் பைக்குள் அதை ஒளித்துக்கொண்டு, வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

வார்டில் அவளுக்குப் பினாயில் அக்கா என்று பேர். ஆள் வருமுன் வாசனை வந்துவிடும் என்பது நர்சுகளின் கேலி. அன்றைக்கு யாரும் கேலி பேசவில்லை.

எலும்பு ஆபரேஷன் வார்டு அது. மூன்று மாதமாகத் தையல் போட்ட இடமெல்லாம் சீழ் பிடிக்கிறது. உடைந்த காலோடு வந்த லாரி டிரைவருக்குப் போன வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அரசாங்க ஆய்வதிகாரி சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற ரகமில்லை. அவர் பொறுப்பில் எட்டு ஆஸ்பத்திரிகள். மாதம் பிறந்தால் முதல் திங்கட்கிழமை இங்கே வந்து நிற்பார். கட்டில் கட்டிலாகப் போய், கட்டைப் பிரிக்கச் சொல்லி, தையல் ஓரத்தைத் தானே அழுத்திப் பார்ப்பார். புண்ணில் சூடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வெறும் விரல்தான் சரி என்பார். நோயாளிகள் டாக்டரைவிட அவரைத்தான் நம்பினார்கள்.

"எல்லார் கையிலயும் பஞ்சுக் குச்சியால தடவி லேபுக்கு அனுப்பப் போறோம்," என்றார். "கிருமி யார் கையில இருக்குன்னு தெரிஞ்சாகணும்."

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் முறைத்துக்கொண்டார். "நாங்க என்ன திருட்டுக் கும்பலா சார், வரிசையா நிக்க வச்சுக் கையைப் பாக்கறதுக்கு?"

"யோவ், கையை வெட்டியா எடுக்கப் போறோம்? இங்க பாரு." அதிகாரி ஒரு குச்சியை உருவித் தன் உள்ளங்கையிலும் நகக்கண்ணிலும் உருட்டினார். குழாயில் போட்டு மூடி, பக்கத்தில் நின்ற லேப் பெண்ணிடம் நீட்டினார். "அவ்வளவுதான். இதுக்குப் போயி இவ்வளவு பேச்சு. நீ வாம்மா."

பினாயில் அக்கா கையை வெளியே எடுத்தாள். வெடிப்பில் குச்சி பட்டதும் பல்லைக் கடித்தாள்.

"என்னம்மா கை இது!" அதிகாரி முகத்தைச் சுளித்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சர்காரர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

நாலாம் நாள் அவளைச் சூப்பிரண்டு அறைக்குக் கூப்பிட்டார்கள். சூப்பிரண்டு பக்கத்தில் அதிகாரி. மேஜையில் லேப் ரிப்போர்ட்டும் வருகைப் பதிவேடும். ரிப்போர்ட்டில் பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான். வேண்டியவர், வேண்டாதவர் என்று யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அதிகாரி போட்ட ஏற்பாடு அது.

"ஒண்ணாம் நம்பர் கையில மட்டும் கிருமி. சீழ்ல இருந்த அதே கிருமி. பதிவேட்டுல முதல் பேரு உன்னோடது," என்றார் அதிகாரி.

"விடியறதுக்கு முன்னால வர்றவ நான்தான சார். என் பேருதான் முதல்ல இருக்கும்."

"வரிசையிலயும் நீதான முதல்ல நின்ன?"

"சார், தரையைத் தொடைப்பேன், கட்டில் கம்பியைத் தொடைப்பேன். ஒருத்தர் புண்ணுல என் கை பட்டதில்ல."

"கம்பியில ஒட்டினது புண்ணுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? மாசாமாசம் ரெண்டாவது வாரம் சீழ் ஆரம்பிக்குது. எல்லாம் குறிச்சு வச்சிருக்கேன்." பேனாவைத் திறந்தார். "கான்ட்ராக்ட்காரர்கிட்ட சொல்லியாச்சு. இன்னியோட நின்னுக்க. வேற ஆஸ்பத்திரிக்கும் போகாத. எழுதி அனுப்பிடுவேன்."

"வீட்டுல நாலு வயிறு என் கையைப் பாத்துத்தான் இருக்கு சார்."

"நாலு வயிறைப் பாத்தா நாப்பது பேர் கால் போயிடும்."

அதற்குமேல் அவள் கெஞ்சவில்லை. கொஞ்ச நேரம் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டிரைவர் சம்சாரம் கீழ வராண்டாவுல உட்கார்ந்திருக்கு சார். யாரால என் புருஷன் கால் போச்சுன்னு போறவங்க வர்றவங்களை எல்லாம் புடிச்சுக் கேக்குது. காலையில என்னையும் கேட்டுச்சு. தெரியலம்மான்னு சொல்லிட்டு வந்தேன். இப்போ எந்த மூஞ்சியோட அந்தப் பக்கமா இறங்கிப் போவேன்?"

"உள்ளதைச் சொல்லிட்டுப் போ," என்றார் அதிகாரி, எழுதிக்கொண்டே.

கதவைத் தட்டாமல் லேப் பெண் உள்ளே வந்தாள். மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. கையில் குழாய்கள் செருகிய தாங்கி.

"சார், அந்த ரிப்போர்ட்டை அனுப்பிடாதீங்க. எடுத்து வைக்கறப்போ எண்ணிப் பாத்தேன். வார்டுல ஆள் பதினாலு. குழாய் பதினஞ்சு இருக்கு."

"ஒண்ணு கூட இருந்தா குடியா முழுகிடும்?"

"நான் பதிவேட்டைப் பாக்கல சார். கைக்கு வந்த வரிசையில நம்பர் ஒட்டினேன். அக்காவோடது ரெண்டாம் நம்பர். அதுல கிருமியே இல்ல."

"அப்போ ஒண்ணு யாருது?"

லேப் பெண், அதிகாரி பேனா பிடித்திருந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். சூப்பிரண்டு தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். பேனா நடுவாக்கியத்தில் நின்றுவிட்டது.

பினாயில் அக்கா கதவை முழுக்கத் திறந்துவிட்டு, ஒதுங்கி வழிவிட்டாள்.

"அந்தப் பொம்பளைக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கதான் சார்."