அவிக்கும் முன்

அமலோற்பவத்தின் கணவர் கால் புண் புரையோடி இறந்துபோனார். எந்த மருந்துக்கும் மசியாத அந்தப் புண்ணின் கிருமியை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, தான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அவளே வளர்த்தாள். தைராய்டு ஹார்மோனோடு செம்பைச் சேர்த்து அவள் உண்டாக்கும் பச்சைத் தூள் அதைக் கொல்ல வேண்டும். தூள் தோற்றுக்கொண்டே இருந்தது. அது ஜெயிக்கும்வரை கிருமி பட்டினியில் செத்துவிடாதபடி அடிக்கடி புதுச் சத்துக்கூழுக்கு மாற்றி வைத்தாள்.

"அக்கா, மச்சானுக்குச் சாப்பாடு வச்சாச்சா?" என்று கிருமித் தட்டைக் காட்டிக் கேட்பாள் கூட வேலை பார்க்கும் ஷகிலா. வேறு யார் கேட்டிருந்தாலும் அமலோற்பவம் அவர்கள் முகத்திலேயே விழித்திருக்க மாட்டாள். ஷகிலாவிடம் மட்டும், "வச்சாச்சு, உப்புப் பத்தலையாம்" என்பாள்.

இன்று தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, பாலாடைபோல் படர்ந்திருந்த கிருமியின் நடுவே, தூள் வைத்த இடத்தைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம். அதற்குள் ஒன்றும் உயிரோடு இல்லை.

"செத்துடுச்சுக்கா! ஜெயிச்சுட்டோம்!" என்று கத்திய ஷகிலா, அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "வேலை முடிஞ்சா எல்லாத்தையும் அவிச்சுடணும்னு சார் சொல்லியிருக்காரு."

"குழாயில மிச்சம் வச்சிருக்கிறதையுமா?"

"ஆபத்தான கிருமியாச்சேக்கா."

"அவரு உடம்புல இருந்து வந்ததுல உசுரோட இருக்கிறது இது ஒண்ணுதான்."

ஷகிலா, நீராவியில் கிருமிகளை அவித்துக் கொல்லும் ஆட்டோகிளேவின் மூடியைத் திறந்தாள். அமலோற்பவம் குழாய்களை உள்ளே அடுக்கினாள். கடைசிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "சூடு சட்டுன்னு ஏறிடுமா, இல்ல ரொம்ப நேரம் பிடிக்குமா?" என்று கேட்டாள், அதைப் பல வருஷமாகத் தானே இயக்கி வந்தவள்.