தண்ணீர் எப்படி இருக்கு?

"இந்தத் தண்ணியில இறங்கினா உடம்பெல்லாம் அரிக்குதாமே, அக்கா?"

மைக்கை என் மூக்குக்கு நேராக நீட்டிக் கேட்டான் அல்மாட்டி டிவிக்காரன் ரெனாத். போன வாரமும் இவன்தான் வந்தான். கரையில் கிடந்த ரப்பர் குழாயைத் தூரத்திலிருந்து படம் பிடித்து, எங்கள் இஸிக்-குல் ஏரியில் பாம்பு என்று போட்டுவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் எங்கள் ஊருக்கு வர இருந்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை.

எங்களுக்குக் கோடை என்பது நாற்பதே நாள். வருஷத்துக்கான மாவும் குளிர்காலத்துக்கான நிலக்கரியும் அந்த நாற்பது நாளில்தான் வந்து சேர வேண்டும். என் வீட்டில் மூன்று அறை வாடகைக்கு விடுகிறேன். இரண்டு காலி. மூன்றாவதில் இருந்த குடும்பமும் அன்று காலையில் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டது. அந்தக் குடும்பத்து அம்மா மட்டும், போகும்போது கொஞ்சம் புகை மீன் வாங்கிக்கொள்கிறேன் என்று என் மேசைக்கு முன்னால் நின்றிருந்தாள்.

இவன் மறுபடி வருகிறான் என்று தெரிந்ததும் ஊரே கூடி என்னைத்தான் பேசச் சொன்னது. "வாய் உனக்குத்தான்டி நீளம், ஜிபார்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மைக்கைப் பிடுங்கி மீனோடு சேர்த்துப் புகையில் தொங்கவிட்டிருப்பேன். நேரடி ஒளிபரப்பு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"யாருக்கு அரிக்குது? உனக்கு நாக்கு அரிக்குதுப்பா, அதான் விஷயம்."

கூட்டம் சிரித்தது. அவ்வளவுதான், எனக்குக் குஷி வந்துவிட்டது.

"கேட்டுக்கோ. இந்தத் தண்ணி பட்டு மாதிரி. முதல்ல சில்லுன்னு இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள பழகிடும். லேசா உப்பு இருக்கு பாரு, அது நம்மள அப்படியே ஏந்திக்கும். இதுல இறங்கினவங்க ஏறி வந்ததா சரித்திரமே இல்ல!"

பக்கத்தில் சோளம் விற்கும் புருல்சா என் முதுகில் கிள்ளினாள். "முழுகிட்டாங்கன்னு நினைக்கப்போறாங்கடி. மாத்திச் சொல்லு."

"ஏறி வர மனசே வராதுன்னு சொன்னேன்," என்று மாற்றினேன்.

ரெனாத் விடவில்லை. "இவ்வளவு சொல்றீங்களே அக்கா, நீங்களே இறங்கிக் காட்டுங்களேன்."

கேமரா என் பக்கம் திரும்பியது. புருல்சாவின் சிரிப்பு நின்றது. என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மீன் வாங்க வந்த அம்மா பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

மாட்டேன் என்று சொன்னால் போச்சு. அந்த ஒரு வார்த்தையையே கோடை முழுக்கத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள்.

செருப்பைக் கழற்றினேன். தலைத் துணியை இறுக்கிக் கட்டினேன். மீன் வாடை அடிக்கும் மேலங்கியை அவிழ்த்துப் புருல்சாவின் கையில் திணித்துவிட்டு, பூப்போட்ட கவுனோடு நடந்தேன்.

முழங்கால். தொடை. இடுப்பு.

அம்மாடி, என்ன குளிர்! பல் தந்தியடித்தது. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினேன். எட்டு வரும்போதே குளிர் போய்விட்டது. மார்பளவுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, வருவது வரட்டும் என்று மல்லாந்தேன்.

முழுகவில்லை. தண்ணீர் என்னை ஏந்திக்கொண்டது. என்னை, எண்பத்தெட்டு கிலோவை!

கரையிலிருந்து ரெனாத் கத்தினான். "எப்படியிருக்கு அக்கா?"

"நான் சொன்ன மாதிரியேதான் இருக்குப்பா!" சந்தோஷத்தில் எனக்குக் குரல் கீச்சென்று வந்தது. "அப்படியே, சொன்ன மாதிரியே!"

கொஞ்ச நேரத்தில், ஒளிபரப்பு முடிந்தது, ஏறி வாருங்கள் என்று அவன் கை காட்டினான். நான் ஏறவில்லை. அந்த அம்மா மீன் பொட்டலத்தை மேசையிலேயே போட்டுவிட்டுக் காருக்கு ஓடி, ஏற்றிய பெட்டியைத் திறந்து துண்டுகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

புருல்சா முழங்கால் தண்ணீர் வரைக்கும் வந்து குனிந்து, "ரொம்ப ஆச்சரியப்படாதடி, காட்டிக்குடுத்துடுவ," என்றாள்.

அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நான் மலைக்காரி. ஆடு மேய்க்கிற வீட்டிலிருந்து இந்தக் கரைக்குக் கல்யாணமாகி வந்து முப்பத்தொரு கோடை ஆகிறது. முப்பத்தொரு கோடையும் மீன் மேசைக்குப் பின்னால் நின்றபடி, வருகிறவர்களிடமெல்லாம் இந்தத் தண்ணீரைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன்.

இறங்க நேரம் வாய்த்தது அன்றைக்குத்தான்.